முன் கண்ணாடியில் ஒரு காக்கை

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவிடம். எடுத்தது என் தங்கை வாலு என்றால் – இப்போதே மூடி வை. என் கலர் பென்சில் டப்பா முழுக்க உனக்குத்தான்.

டார்ச் வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்கக் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

இன்று மாமா சாப்பிட வந்திருந்தார். சோற்றில் கை வைப்பதற்கு முன்பே அப்பாவின் கார் பேச்சை எடுத்துவிட்டார். "ஷெட்டுக்குள்ள நின்னு நின்னே வீணாப் போயிடும். ஓடுற நிலையில இருக்கும்போதே வித்துத் தள்ளிடலாம். அப்புறம் இரும்புக் கடைக்காரன்கூட திரும்பிப் பாக்க மாட்டான்."

அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். "அண்ணா, சாப்பிடும்போது வேணாம்."

"எப்பத்தான் பேசறது? அவர் வரப்போறாரா என்ன?"

வாலு என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன்.

அப்பா வேலைக்காக வெளியூர் போன புதிதில் வாரம் ஒரு முறை பேசினார். பிறகு எப்போதாவது. இப்போது அந்த நம்பருக்குப் போட்டால் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். எவ்வளவு இனிமையாகச் சொல்கிறாள், பாவி.

பஸ் ஏறும்போது அப்பா என்னிடம் சொன்னது ஒன்றுதான். "நான் வர்ற வரைக்கும் வண்டியப் பாத்துக்கோ." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னாரா? தெரியவில்லை. எனக்கு அது விளையாட்டு இல்லை.

ஜூன் 11, புதன்

ஷெட் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று அம்மா பழையபடி மிரட்டினாள். நான் தினமும் போகிறேன் என்று தெரிந்தால்?

ஜூன் 14, சனி

அம்மா மருந்துக் கடைக்கு வேலைக்குப் போனதும் வாலுவைப் பக்கத்து வீட்டில் விளையாட விட்டுவிட்டு ஷெட்டைத் திறந்தேன். பூட்டுச் சாவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. வண்டிக் கதவைப் பூட்டுவதில்லை, ஆனால் வண்டிச் சாவி என்னிடம் இல்லை. அவை மொத்தம் இரண்டு. ஒன்று அப்பாவோடு போய்விட்டது. இன்னொன்று அம்மாவின் பீரோவில், புடவைகளுக்கு அடியில். அம்மா அதைத் தொடுவதே இல்லை. அவளுக்கு ஓட்டவும் தெரியாது. அப்பா சொல்லிக்கொடுத்த முதல் நாளே கேட் தூணில் முட்டிவிட்டு, "இந்தச் சனியன் சகவாசமே வேணாம்" என்று இறங்கியவள். பம்பரில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. அதையும் துடைத்தேன்.

அப்பா சொன்ன வரிசையில்தான் எல்லாம் செய்தேன். முதலில் ஷட்டரைப் பாதியாவது தூக்க வேண்டும், பெட்ரோல் வாடை உள்ளேயே தங்கக் கூடாது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல். இரண்டு வாளி – ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். அழுக்குத் துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் சோப்பில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கில் இருக்கும் மணலே பெயிண்டைக் கீறும். மேலிருந்து கீழே. சக்கரம் கடைசியில், அதற்குத் தனித் துணி. ஒரு முறை பாத்திரம் தேய்க்கும் பொடியை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ தாயே! அது வண்டி, வாணலி இல்ல!"

அப்பாவின் சீட்டில் தலை சாயும் இடத்தில் இருக்கும் உறையை மட்டும் துவைக்கவில்லை. அதில் இன்னும் அவருடைய எண்ணெய் வாசனை இருக்கிறது. கொஞ்சம்தான் இருக்கிறது. அதனால் ரொம்ப நேரம் முகர்வதில்லை.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். என் கால் பெடலுக்கு எட்டியது! போன வருஷம் நுனிக்கால்கூட எட்டாது. வளர்ந்துவிட்டேன் போல. அப்பா பார்த்தால் என்ன சொல்வார்?

ராத்திரிச் சாப்பாட்டில் வாலு என் கையைப் பிடித்து மோந்து பார்த்து, "அக்கா மேல கார் நாத்தம்" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. "உன் மூக்குதான் நாறுது, போடி" என்றேன். அம்மா நிமிர்ந்தாள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. ஒன்றும் செய்யவில்லை. கனவில் ஹாரன் கேட்டது.

ஜூன் 19, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

டீச்சர் வராததால் கடைசி வகுப்பு இல்லை. சீக்கிரம் வந்தேன். ஷெட்டுக்குள் போய் பானட்டில் கை வைத்தேன். சூடு. கொதிக்கவில்லை, ஆனால் சூடு. ஷெட்டுக்குள் வெயிலே வராதே!

யாரோ ஓட்டியிருக்கிறார்கள். இல்லை, வண்டி நகரவில்லை, செங்கல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நின்ற இடத்திலேயே ஓட விட்டிருக்கிறார்கள். பேட்டரி இறங்காமல் இருக்க அப்பா செய்வது போலவே.

அதோடு முடியவில்லை. முன் கண்ணாடியின் உள்பக்கத்தை யாரோ துடைத்திருக்கிறார்கள். நான் தொடவே இல்லை. ஏன் தொடவில்லை என்றால், மழை நாளில் கண்ணாடியில் ஆவி படிந்ததும் அப்பா விரலால் இடது மூலையில் ஒரு காக்கை வரைவார். பின்சீட்டில் நானும் வாலுவும் அடித்துக்கொண்டால், "காக்கா பாக்குது, பேசாம உக்காருங்க" என்பார். வெயில் வந்தால் காக்கை மறைந்துவிடும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் திரும்ப வரும். ஈரத் துணி பட்டால் போச்சு.

அந்த மூலையில் வாய் வைத்து ஊதினேன். காக்கை வந்தது! கோண மூக்கு, ஒற்றைக் கண், எல்லாம் அப்படியே. கண்ணாடி முழுவதையும் துடைத்தவர் அந்த மூலையை மட்டும் விட்டிருக்கிறார். அது அங்கே இருப்பது வேறு யாருக்குத் தெரியும்? இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது?

அப்பா வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

வந்தவர் ஏன் எங்களைப் பார்க்கவில்லை?

ஜூன் 20, வெள்ளி

பள்ளிவிட்டு வரும்போது தெருமுனையில் உயரமாக ஒருவர். ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டை ஒன்று பழைய துணிகளோடு வந்துவிட்டது போல, அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "என்னடி நிக்கிறே?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்று வந்துவிட்டேன்.

அம்மா மேல் கோபமா அவருக்கு? வண்டியைப் பார்க்க வருகிறவருக்கு எங்களைப் பார்க்கத் தோன்றவில்லையா? நான் வண்டியாகப் பிறந்திருக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

செய்துவிட்டேன்.

வண்டி ரொம்ப நாள் நிற்பதாக இருந்தால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வைக்கலாம் என்று அப்பா சொல்லித் தந்திருக்கிறார். எனக்கு மட்டும்தான் சொன்னார். இன்று கழற்றினேன். வளையலையும் மோதிரத்தையும் எடுத்து வைத்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பானரால், மைனஸை மட்டும். பிளஸ்ஸின் மேல் ஸ்பானர் படவே கூடாது, பட்டால் பொறி பறக்கும். வயர் திரும்பப் போய் ஒட்டாமல் துணி சுற்றி ஒதுக்கி வைத்தேன்.

அடுத்த முறை அப்பா வந்து சாவியைத் திருகினால் வண்டி எழுந்திருக்காது. பானட்டைத் திறப்பார். வயரைப் பார்த்ததும் இது என் வேலை என்று தெரிந்துவிடும். அப்போது என்னைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? திட்டுவதற்காகவாவது கூப்பிடட்டும்.

ஜூன் 26, வியாழன்

நான் என்ன செய்துவிட்டேன்.

பள்ளிவிட்டு வந்தபோது அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். மாமாவிடம். நான் வந்ததைப் பார்க்கவில்லை.

"போன வாரம்கூட ஒரே திருகுல ஸ்டார்ட் ஆச்சுண்ணா. இன்னிக்கு ஒண்ணுமே இல்ல. விளக்குகூட எரியல… நான்தான், வேற யாரு? வியாழக்கிழமை மத்தியானம் கடையில ஆள் மாத்தி விடுவாங்க, அப்ப வந்து ஷட்டரத் தூக்கிட்டுக் கொஞ்ச நேரம் ஓட விடுவேன்… பைத்தியம்தான், ஒத்துக்கிறேன். அவர் வந்து நின்னா வண்டி ரெடியா இருக்கணும்னு…"

அந்தப் பக்கம் மாமா ஏதோ பேசினார்.

"இல்லண்ணா. அதுவும் போயிடுச்சு. நீ சொன்னதுதான் சரி. சனிக்கிழமை ஆளக் கூட்டிட்டு வா."

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றேன்.

அம்மா. அப்பா இல்லை, அம்மா. பீரோவில் இருக்கும் வண்டிச் சாவியைத் தொடாத அம்மா. ஓட்டத் தெரியாத அம்மா. காக்கையை விட்டுவிட்டுத் துடைத்தது அம்மா! என் கால் பெடலுக்கு எட்டியதே – நான் ஒன்றும் வளரவில்லை. அம்மா குள்ளம், சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறாள். கண்ணெதிரே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அப்பா வரவே இல்லை. ஒரு தடவைகூட.

அழுதால் வாலு விழித்துக்கொள்வாள். தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

ஜூன் 27, வெள்ளி

நாளைக்கு மாமா ஆளோடு வருகிறார்.

சாயங்காலம் வாலுவை டியூஷனிலிருந்து கூட்டிவர அம்மா போனாள். நான் ஷெட்டுக்கு ஓடினேன். அவசரத்திலும் வளையலைக் கழற்ற மறக்கவில்லை. பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது, கையுறை போட்டுக்கொண்டு துணியால் துடைத்தேன். கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். வயரை மாட்டி இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததும் உள்விளக்கு எரிந்தது. அந்தச் சின்ன மஞ்சள் விளக்கைப் பார்த்து அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை. சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன், அப்பாவுக்கு இருந்த மாதிரி. பிறகு அம்மாவுக்கு இருந்த இடத்துக்கே திரும்ப இழுத்தேன்.

அதற்குள் வாலுவின் குரல் தெருவில் கேட்டது. ஓடி வந்துவிட்டேன்.

சொல்ல வேண்டும். வண்டி சாகவில்லை, அதைக் கட்டிப்போட்டது நான்தான் என்று. சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும் – ஷெட்டுச் சாவி, சனிக்கிழமைகள், அப்பா வந்ததாக நினைத்தது. கடைசியாகச் சொன்னதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சாப்பிடும்போது நான்கு முறை வாயைத் திறந்தேன். நான்கு முறையும் சோறுதான் உள்ளே போனது.

அம்மா சாப்பிடவில்லை. பீரோ திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இப்போது –

ஷட்டர். ஷட்டரைத் தூக்குகிறாள். முழுசாக, மேலே வரைக்கும். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போயிருக்கிறாளா?

ஓடுகிறது. வண்டி ஓடுகிறது! ஒரே திருகு!

நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் நடுவில் அம்மாவின் குரல், என் ஜன்னலுக்கு நேர் வெளியே, போனில். "அண்ணா, தூங்கிட்டியா? … நாளைக்கு வர வேணாம். … ஓடுதுண்ணா. ஆமா, நம்ம வண்டிதான். … தெரியல, யாரோ …"

நின்றுவிட்டது. ஷட்டர் இறங்குகிறது.

ஐயோ. ஸ்பானர். ஸ்பானரை எங்கே வைத்தேன்? பானட்டை மூடினேன், கையில் இருந்தது, கதவைத் திறந்தேன், சீட்டைத் தள்ளினேன் –

கூடத்தில் நடக்கிற சத்தம். என் கதவு வரைக்கும் வந்து நிற்கிறது. துண்டுக்கு அந்தப் பக்கம்.

தட்டுகிறாள். மெதுவாகத்தான் தட்டுகிறாள்.

"சீட்டு மேலயே வெச்சுட்டு வந்திருக்கியேடி, உக்காந்தா குத்தாதா?" என்கிறாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "கதவத் தொற. வாலு முழிச்சுக்கப் போறா. அந்த ஒயர எப்படி மாட்டறதுன்னு எனக்கும் சொல்லிக் குடு."