புஷ்பவல்லியின் வடகம்

சன்ஷைன், மெல்பேர்ன்
11 டிசம்பர் 2005

அன்புள்ள தங்கை செல்வராணிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இப்போது மாடிப்படி ஏற முடிகிறதா? மாப்பிள்ளைக்குச் சர்க்கரை குறைந்ததா? இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நலம் என்று எழுத மட்டும் இந்த முறை மனம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. திட்டுவதற்கு உனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

டிசம்பர் என்றால் எங்களுக்குக் கோடை. வெயில் கொளுத்துகிறது. போன வாரம் கொல்லையில் வடகம் காயவைத்தேன். அம்மாவின் பக்குவம்தான்: சின்ன வெங்காயம், பூண்டு, ஊறவைத்த உளுந்து, கடுகு, வெந்தயம், விளக்கெண்ணெய் தொட்டு உருட்டியது. இந்த ஊரில் காக்காய் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை உண்டு. அது மூன்று உருண்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. போகட்டும், அந்தப் பறவையாவது யார் வீட்டு வடகம் என்று கேட்காமல் தின்றது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் தூய் ஒரு சமையல் புத்தகம் போடுகிறாள். ஜனவரி கடைசியில் வியட்நாம் புத்தாண்டு வருகிறது. அதற்கு உன் அண்ணி லியெனின் சொந்தக்காரர்கள் அமெரிக்காவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் இங்கே வருகிறார்கள். வீட்டுக்கு ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும், நம் பிள்ளைகள் வியட்நாம் சமையலை மறக்கக் கூடாது என்று மகளுக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஒரு வருஷமாகச் சனிக்கிழமை தோறும் பொயிண்ட் குக்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து, லியென் பக்கத்துப் பெரியம்மா சித்திமாரைப் போனில் பிடித்து, ஒவ்வொரு குழம்பையும் கேட்டுக் கேட்டு எழுதினாள். அட்டையில் லியெனின் தாயார் மீன் கழுவும் பழைய படம். மிக அழகான புத்தகம். நானே சொல்கிறேன், ஏனென்றால் பக்கம் அமைத்தவன் நான்தான்.

அச்சகத்தில் இருபது வருஷம் வியட்நாம் கல்யாணப் பத்திரிகையும் ஓட்டல் மெனுவும் அச்சுக் கோத்தவன் அல்லவா? தூய்க்குப் பேசத் தெரிந்த அளவுக்கு எழுதத் தெரியாது. எழுத்துக்கு மேல் போடும் குறிகள் இல்லாமல் மொட்டையாகத் தட்டி அனுப்புவாள், குறி போடுவது என் பொறுப்பு. அந்த மொழியில் ஒரு சின்னக் கோடு விட்டுப்போனால் அர்த்தம் தலைகீழாகிவிடும். 'மா' என்ற எழுத்துக்கு மேல் சாய்ந்த கோடு இருந்தால் அம்மா. கோடு இல்லாவிட்டால் பேய்.

முப்பத்து நாலாம் பக்கம் வந்தபோது என் கை நின்றுவிட்டது. தலைப்பு: ஹோவா பாட்டியின் கோழிக் கறி. கீழே, சோக் ட்ராங் ஊரைச் சேர்ந்த கெமர் இனத்துப் பாட்டியின் ரகசிய மசாலா உருண்டை என்று விவரம். படத்தில் நான் உருட்டிய வடகம். செல்வா, அது நம் அம்மா வடகம். ஹோவா என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. அவளை உண்டாக்கியவன் நான்தான்.

சைகோனுக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போனவன், 1979இல் குடும்பத்தோடு படகில் போய் மலேசியாவில் கரையேறி, அகதி முகாமில் இருந்தோம் என்று மட்டும் உனக்குத் தெரியும். அங்கே பெயர் பதிய வரிசையில் நின்றோம். தூய்க்கு மூன்று வயது, என் தோளில் காய்ச்சலோடு கிடந்தாள். இந்தியன் என்று சொன்னால் என்னை மட்டும் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள், பெண்டாட்டி பிள்ளை வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று முகாம் முழுக்கப் பேச்சு. நிஜமோ பொய்யோ, யாருக்குத் தெரியும்? பயம் நிஜம். வியட்நாம்காரன் என்றே பதிந்துவிடு என்று லியெனின் அண்ணன் காதைக் கடித்தார். நான் ங்குயென் வான் பாய் ஆனேன். 'பாய்' என்றால் ஏழு. சைகோனில் நம்மவர்களை ஏழாம் அண்ணன் என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். அந்தக் கேலியையே பெயராக எழுதிக் கொடுத்தேன். நிறம் ஏன் இப்படி என்று கேட்டதற்கு, அம்மா கெமர்க்காரி, கம்போடிய வம்சம், அந்த நிறம் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். இங்கே வந்த பிறகு சொன்னால் குடியுரிமை போய்விடுமோ என்று லியெனுக்கும் பயம், எனக்கும் பயம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பொய் வீட்டிலேயே வளர்ந்துவிட்டது. தூய்க்குப் பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். பாட்டி பெயர் என்ன அப்பா என்று பென்சிலோடு வந்து நின்றாள். நம் அம்மா புஷ்பவல்லி; புஷ்பம் என்றால் பூ; வியட்நாமில் பூவுக்கு ஹோவா. சொல்லிவிட்டேன். ஏதோ பாதி உண்மையைச் சொல்லிவிட்ட மாதிரி அன்றைக்குத் திருப்திப்பட்டும் கொண்டேன். மடையன்.

இன்னும் கேள். உன் கடிதங்களைப் பார்த்து யார் இது என்று அவள் கேட்டிருக்கிறாள். சைகோன் ஜவுளிக்கடையில் என்னோடு வேலை பார்த்த இந்தியக்காரர் என்று சொல்லிவைத்திருக்கிறேன். என் மகளைப் பொறுத்தவரை நீ மீசை வைத்த ஆள். 91இல் அம்மா போனபோது டிக்கெட் கிடைக்கவில்லை என்று எழுதினேனே, அதுவும் பொய். வியட்நாமில் பிறந்த பாய் எந்த உறவுக்குக் கொள்ளி வைக்கக் காரைக்காலுக்கு வருவான்? புட்ஸ்க்ரே சந்தையில் ஒருநாள் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் இரண்டு பேர். 'யோகா, இந்த ஐயாவைப் பார், எங்கட ஆள் போலக் கிடக்கு, கேட்டுப் பாப்பமே' என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. வருஷக்கணக்கில் கேட்காத தமிழ். முருங்கைக்காயை அப்படியே போட்டுவிட்டு மீன்கடைப் பக்கம் நடந்துவிட்டேன்.

இதையெல்லாம் விடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் தூய் வியட்நாம் போனாள். சோக் ட்ராங்குக்குப் பாட்டியைத் தேடிப் போகிறேன் என்றாள். விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. ஊர் ஊராக விசாரித்தாளாம். ஒன்றும் கிடைக்காமல் கடைசியில் ஒரு கெமர்க் கோயிலில் ஹோவா பாட்டி பெயருக்கு ஊதுபத்தி ஏற்றிவைத்து அழுதுவிட்டு வந்தாள். அந்தக் கோயில் படம்தான் முப்பத்தைந்தாம் பக்கம்.

இப்போது என் நிலைமை புரிகிறதா? அம்மா கைப்பக்குவத்தை, என் கையாலேயே, இல்லாத ஒருத்தி பெயரில் அச்சுக்குக் கோத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டியிருந்தது. புத்தகம் வந்துவிட்டால் பேரன் பேத்தி காலத்துக்கும் அதுதான் உண்மை. அம்மா பெயர் இந்த வீட்டில் ஒரு இடத்திலும் இருக்காது.

அதனால் போன வாரம் சனிக்கிழமை, சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். என் பெயர், ஊர், உன்னை, அம்மாவை, எல்லாம். தூய் முதலில் சிரித்தாள். தாயார் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அப்படியானால் நான் யாருக்காக அழுதேன் என்று கேட்டாள். இங்கிலீஷில் கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு இங்கிலீஷ்தான் வரும். அம்மா பெயரையாவது அந்தப் பக்கத்தில் போடலாமா என்று கெஞ்சினேன், செல்வா. என் வயதில், பெற்ற மகளிடம். அவள் சொன்னாள்: எனக்குப் புதிதாக ஒரு பாட்டி வேண்டாம், இருந்த ஒருத்தியையும் நீங்களே பிடுங்கிவிட்டீர்கள், அந்தப் பக்கம் அப்படியேதான் இருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவாள் எப்போதும். அன்றைக்குப் பண்ணவில்லை.

லியென் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பொய் சொல்லிக் காப்பாற்றினாய், இப்போது உண்மையைச் சொல்லிக் கெடுத்துவிட்டாய் என்பது ஒன்றுதான் அவள் சொன்னது. எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்கள் மேல் அல்ல. அவர்கள் மேல் என்றால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கோப்பு என் கையில்தான் இருந்தது. ஒரு நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாது. ஹோவாவை அழித்துவிட்டுப் புஷ்பவல்லி என்று தட்டினேன். நன்றாகத்தான் இருந்தது பார்க்க. பிறகு பக்கத்தில் அந்தக் கோயில் படம். ஊதுபத்தியைப் பிடித்திருக்கும் என் மகள் கை. திரும்ப ஹோவா என்றே போட்டேன். குறிகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று இரண்டு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள் என்று சொல்ல மாட்டேன். அது நான் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியது. உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. இருபத்தைந்து வருஷமாக, ஏன் எதற்கு என்று கேட்காமல், நான் எழுதிக் கொடுத்த பொய்ப் பெயருக்கே கடிதம் போட்டுவந்தாய். இந்த ஒரு தடவை போடாதே. உறையில் நரசிம்மன் மகன் ராஜரத்தினம் என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தாக எழுது. வீட்டு எண் சரியாக இருந்தால் போதும், தபால்காரர் போட்டுவிடுவார். பின்பக்கம் உன் பெயரை எழுதி, புஷ்பவல்லி மகள் என்றும் சேர்த்து எழுது.

சனிக்கிழமை வந்தால் தபால்பெட்டியைத் திறப்பது தூய்தான். நேற்று வரவில்லை. எப்படியும் ஒரு சனிக்கிழமை வருவாள். அவள் கையில் அது கிடைக்கட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இதுவரை அண்ணன் என்று மட்டும் எழுதி முடித்துவந்தேன். இந்தக் கையெழுத்தைப் போட்டுப் பழக்கம் விட்டுப்போய்விட்டது, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அண்ணன்,
ந. ராஜரத்தினம்