பெடல் இல்லாத சைக்கிள்

அம்மாவுக்கு,

நீங்கள் போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

முந்தாநாள் வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்தால், பினாங்குவரை ஓட்டிப் போவதற்காக மூன்று மாதமாக நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய சைக்கிளில் இரண்டு பெடலும் இல்லை. உடன் தங்கியிருக்கும் பெர்னடெட் சாதாரணமாகச் சொன்னாள்: "ஆன்டி காப்பார் வீட்டுலேர்ந்து வந்தாங்க லா. ஸ்பேனர் கேட்டாங்க. சர்வீஸ் பண்றாங்கன்னு நெனச்சு மைலோ கலக்கிக் குடுத்தேன்."

இடது பெடலை மறுபக்கம் திருகினால்தான் கழலும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நீங்கள் பதினெட்டு வருடம் கையுறைத் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போனவர்.

"நான் மிதிச்சது போதும்டி. டிகிரி வாங்கிட்டு நீயும் ரோட்டுல மிதிக்கணுமா?" என்று தீபாவளியன்று கேட்டீர்கள். அதனால் பெடலை எடுத்துப் போனது புரிகிறது.

ஆனால் ஹேண்டலை இரண்டு விரல் உயர்த்தியிருக்கிறீர்கள். சீட்டை முன்னால் தள்ளியிருக்கிறீர்கள். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முன்புபோல முதுகு இழுக்கவில்லை. போகக்கூடாதவளுக்கு இதெல்லாம் எதற்கம்மா? இரண்டு நாளாக யோசித்தும் விளங்கவில்லை.

புதுப் பெடல் இங்கேயே கிடைக்கும். கடைவரை போய், வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை பெர்னடெட்டின் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு காப்பாருக்கு வருகிறேன். பெடலைப் பூட்டிக் கொடுப்பதோ, தர மாட்டேன் என்பதோ, இந்த முறை நான் இருக்கும்போது செய்யுங்கள்.

உங்கள் மகள்