வியாழக்கிழமை அவர் சொல்லப்போவது

கட்டுமாவடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அழகி அக்காவுக்கு, தங்கை ராசாத்தி எழுதிக்கொள்வது. திருப்பூரில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே. இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் ஒற்றை அறை வீட்டில் எல்லாம் என் வீட்டுக்காரர் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

நம் தம்பி வசந்தைக் கடல் கொண்டுபோய் ஐந்து மாதம் ஆகிறது. ஒரே படகில் போய்த் தனியாகத் திரும்பி வந்த இவர் இன்னும் கரைப்பக்கம் போகவில்லை. சோறும் இறங்கவில்லை. முதலில் புதுக்கோட்டையில் மனசுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு கவுன்சிலரிடம் கூட்டிப்போனேன். படித்த, தன்மையான பிள்ளை. கண்ணை மூடுங்க, மனசு லேசாகும் என்று சொல்லிக் கடல் அலைச் சத்தத்தைப் போட்டுவிட்டார். இவர் நாற்காலியோடு சாய்ந்து விழுந்து, கயிறு எங்கடா, கயிறு எங்கடா என்று தரையைத் தடவினார். அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்றும், நோய் என்ற இடத்தில் தூக்கமில்லை என்றும் எழுதியவள் நான்தான். மீன்பிடி என்று எழுதினால் அங்கே மதிப்பார்களோ என்று ஒரு கூச்சம்.

அந்த வாரம் கிணற்றடியில் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டதற்கு, ஒண்ணுமில்ல, சும்மா நிக்கிறேன் என்றார். அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் பின்னாலேயே போகிறேன்.

பிறகு அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற தேவிப்ரியா என்ற அம்மாவிடம் போனோம். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. எதிரே உட்கார வைத்தால் இவர் வாய் திறப்பதில்லை என்று அந்த அம்மா கண்டுகொண்டார். படகுல மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டா பேசிக்குவீங்க? வாங்கண்ணே, அங்கிட்டு நடப்போம் என்று வேப்பமரங்களுக்குக் கீழே கூடவே நடந்தார். மூன்றாவது வாரம் இவர் பேசினார் அக்கா. நான் தள்ளி நின்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மிச்சத்தை அவரு ஒங்ககிட்டத்தான் சொல்லணுங்கிறாரு, வியாழக்கிழமை நீங்களும் கூட நடங்க, பதிலே பேச வேணாம், மனசு ஒப்பலைன்னா தள்ளிப் போடலாம் என்கிறார் அந்த அம்மா.

என்ன சொல்வார் என்று தெரியும். தூக்கத்தில் உளறுகிறாரே. வசந்தின் கை இவர் கையில்தான் இருந்திருக்கிறது. விட்டாரா, வழுக்கியதா, அவருக்கே தெரியவில்லை போல. கேட்டபிறகு இந்த மனுஷனுக்கு என்னால் சோறு போட முடியுமா என்று பயமாக இருக்கிறது. கேட்காவிட்டால் மறுபடி கிணற்றடிக்குப் போய்விடுவாரோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை போகத்தான் போகிறேன்.

காரியத்தன்று நீ அவர் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறினாய். குறையாகச் சொல்லவில்லை. வசந்த் நீ இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு உனக்கு போன் பண்ணுவேன். கம்பெனியில் சொல்லிவிட்டு எடு. நான் அழுதாலும், ஒன்றுமே பேசாவிட்டாலும் வைத்துவிடாதே. உன்னால் முடிந்தால், அவரிடம் கொடு என்று நீயாகவே கேள். முன்னெல்லாம் கூப்பிடுவாயே, அதேபோல் தம்பி என்று கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள். வேறொன்றும் வேண்டாம் அக்கா.

உன் தங்கை,
ராசாத்தி