கொய்யாவுக்குத் தைத்த சட்டை

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் உங்கள் மகளும் சௌக்கியம். உங்கள் சுகத்தையும் பக்கம் பக்கமாக விசாரிக்கத்தான் உட்கார்ந்தேன், கை நிற்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கொல்லையில் நட்டுவிட்டுப் போன கொய்யா பழுத்துவிட்டது! ஒன்றல்ல, இரண்டல்ல, முப்பத்தாறு! காலையிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கும் கொல்லைக்கும் நான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா மதில் மேல் எட்டி, "என்னடி, லாட்டரி விழுந்துடுச்சா?" என்று கேட்டார். அதைவிடப் பெரிசு என்றேன்.

உங்களோடு வேலை செய்யும் வெல்டர் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே விமானம் ஏறுகிறார். இந்தக் கடிதமும் பழமும் அவரிடம்தான் வரும். ஃபோனில் சொல்லியிருக்கக்கூடாதா என்பீர்கள். ஃபோனை உங்கள் மகள் எங்கே என்னிடம் தருகிறாள்? பல் விழுந்த கதையை அவள் முடிப்பதற்குள் உங்களுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்றீர்கள். என்னைக் கேட்டீர்கள். "உங்க இஷ்டம்" என்றேன். அதைப் பற்றியும் எழுத வேண்டும். இருங்கள், கொய்யாவை முடித்துவிட்டு வருகிறேன்.

பிஞ்சு விட்ட நாளிலிருந்து அணிலும் கிளியும் என் உயிரை எடுத்துவிட்டன. பழைய துணியைக் கட்டிப் பார்த்தேன், டப்பாவைத் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சரி, நமக்குத் தெரிந்த வேலையைச் செய்வோம் என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்கூல் யூனிஃபாரம் தைத்து மிஞ்சிய நீலக் கட்டம் போட்ட துணியில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு பை. சும்மா இல்லை, டேப் வைத்து அளவெடுத்து, இரட்டைத் தையல் போட்டு, காம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். மரமே பள்ளிக்கூடம் கிளம்பிய மாதிரி நின்றது. "கொய்யாவுக்கும் சட்டையா? பட்டன் வைக்கலையா?" என்று நர்ஸ் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் செய்த கூத்து என்ன தெரியுமா? பிஞ்சின் அளவுக்குச் சரியாகத் தைத்துவிட்டேன்! காய் வளரும் என்கிற யோசனையே வரவில்லை. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் தைக்கும்போது "வளர்ற பிள்ளை, ரெண்டு அங்குலம் மடிச்சு வையுங்க" என்று நானே அம்மாக்களுக்குப் புத்தி சொல்கிறவள். பத்து வருஷமாகத் தைக்கிறேன், என் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

இன்று காலை ஒரு பை தையல் விட்டுக் கிழிந்து தொங்குவதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு பையாகப் பிரித்தால், கொய்யா ஒவ்வொன்றும் தலையணை மாதிரி நாலு மூலையோடு இருக்கிறது! நடுவில் தையல் கோடு அப்படியே பதிந்திருக்கிறது. வாலு தரையில் உருண்டு சிரித்தாள். அழுகிப் போயிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் பையைப் பிரித்ததும் வந்தது பாருங்கள் ஒரு வாசனை! சமையலறை, கூடம், என் தையல் அறை, வெட்டி வைத்த துணி வரைக்கும் கொய்யா மணக்கிறது. இன்று ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு என்ன சென்ட் என்று கேட்கிறார்கள்.

உள்ளே என்ன நிறம் என்று ஒரு பந்தயமே நடந்தது. வெள்ளை என்றார் நர்ஸ் அக்கா. ரோஸ் என்றாள் வாலு, தோற்றால் ஒரு வாரம் சொல்லாமலே தலை வாரிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தாள். கையில் இருந்த துணிக் கத்திரியாலேயே வெட்டப் போனேன், அந்த அவசரம்! அப்புறம் கத்தி எடுத்து இரண்டாகப் பிளந்தால், ரோஸ்! அடேயப்பா, அப்படி ஒரு ரோஸ்! வாலு போட்ட கூச்சலில் மதில் மேல் இருந்த பூனை ஓடிவிட்டது.

முதல் துண்டை நான்தான் தின்றேன். அவளுக்குக்கூடக் கொடுக்கவில்லை, திட்டாதீர்கள். நாலு வருஷம் தண்ணீர் ஊற்றியவள் நான். நாக்கில் வைத்ததும் ஒரு துளி புளிப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் விதை நறநறவென்று. சர்க்கரையாக இனிக்கும் என்று நீங்கள் அளந்ததெல்லாம் இல்லை. அதைவிட நன்றாக இருக்கிறது. நர்ஸ் அக்கா இரண்டு பழத்தை நின்ற நிலையிலேயே தின்றுவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று மூன்றாவதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். வாலு எத்தனை தின்றாள் என்று எழுதமாட்டேன். நாளைக்கு வயிறு வலி என்று வருவாள், அப்போது எண்ணிக்கொள்கிறேன்.

அப்புறம் உங்களுக்கு அனுப்ப அட்டைப்பெட்டியை எடுத்தோம். அடியில் வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளைப் பரப்பினேன். வாலு ஒரு கையில் செங்காயும் ஒரு கையில் கனிந்த பழமுமாக நின்று கேட்டாள்: "அம்மா, அப்பாவுக்கு எது புடிக்கும்? கடிச்சா மொறுமொறுன்னு இருக்கிறதா, பழுத்ததா?"

அவள் கையிலிருந்து இரண்டையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தேன்.

உங்கள் காலர் பதினைந்தரை. வலது தோள் இடதைவிட அரை அங்குலம் இறக்கம். டேப்பைத் தொடாமல் இப்போதே உங்களுக்குச் சட்டை வெட்டுவேன். பஸ் ஸ்டாப் வண்டியில் கொய்யா வாங்கி வேட்டியிலேயே துடைத்துவிட்டுத் தின்பீர்களே, அதுகூடக் கண்ணில் நிற்கிறது. அது செங்காயா, பழமா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. கட்டின புருஷனுக்கு எது பிடிக்கும் என்று பெற்ற பிள்ளை கேட்கிறாள், நான் பேந்தப் பேந்த விழிக்கிறேன். "உனக்கும் தெரியாதா?" என்று கேட்டாள். 'உனக்கும்' என்றாள். அவளுக்குத் தெரியாதது நியாயம், நீங்கள் போனபோது அவளுக்கு மூன்று வயது. எனக்கு என்ன வந்தது? உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"உங்க இஷ்டம்" என்று நான் சொன்னது பொய். எனக்கு இஷ்டமில்லை. கையெழுத்துப் போடாதீர்கள். என் மெஷின் ஓடுகிறது, நீங்களும் இங்கே ஒரு வேலை பார்த்துக்கொள்வீர்கள், சமாளித்துவிடலாம். இன்னும் இரண்டு வருஷத்தில் வேறு எதெல்லாம் மறக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதீர்கள். பெட்டியில் செங்காய் ஆறு, கனிந்தது ஆறு வைத்திருக்கிறேன். வெல்டர் அண்ணனுக்கும் கொடுங்கள். உங்களுக்கு எது பிடித்தது என்று ஃபோனில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் எதிரில் உட்கார்ந்து தின்னுங்கள், நானே பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

உங்களை எதிர்பார்த்து,
உங்கள் மனைவி