ஓக் கிளை ஆடிய நாள்

வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு,

பூசாரிகள் நாங்கள் மந்திரத்தைத்தான் எழுதக் கூடாது, வீட்டுச் சேதியை எழுதலாம். போர் நின்றுவிட்டது. நிம்மதியாகச் சாப்பிடு.

ஓக் கிளையை ஏந்திக்கொண்டு இரண்டு படைகளுக்கும் நடுவே நடந்தேன். ட்ரூயிட் பூசாரிக்கு எந்தப் பக்கமும் சொந்தமில்லை என்பதால் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் இடது பக்க முன்வரிசையில், நீ ஒட்டுப்போட்ட சிவப்புப் போர்வை கண்ணில் பட்டுவிட்டது.

எதிர்ப்படைத் தலைவன் சென்னோமாரோஸ் கத்தினான்: “பெரியவரே, தள்ளிப் போங்க! ஈட்டிக்குக் கண்ணு கிடையாது!”

“எறிஞ்சு பாரு. அப்புறம் உன் வீட்டுப் பலிக்கு எந்தப் பூசாரியும் வரமாட்டான். ஊர்ல ஒருத்தனும் உன்கூட பேசமாட்டான்.”

முணுமுணுத்துக்கொண்டே ஈட்டியைத் தரையில் குத்தினான். பிறகு இரண்டு பக்கமும் ஈட்டிகள் இறங்கின. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பூசாரிப் பாட்டுகளை மனப்பாடம் செய்ய முடியாது என்று படைக்கு ஓடினானே உன் பிள்ளை, அவன் அந்தச் சிவப்புப் போர்வையோடு சிரித்துக்கொண்டே வந்தான்.

“அப்பா, கிளை ஏன் அந்த ஆட்டம் ஆடுச்சு?”

“காத்துடா” என்றேன்.

நாளை இருவரும் வருகிறோம், உப்பிட்ட பன்றிக்கறியை எடுத்து வை. கிளையைப் பற்றி மட்டும் நீ கேட்காதே. இன்று எந்த மரத்திலும் ஓர் இலைகூட அசையவில்லை.

உன் வீட்டுக்காரன்