வாசற்கதவில் ஒரு வளையம்

பள்ளிபாளையம்
ஐப்பசி 21

அன்புள்ள மதுமதிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், இது உன் கைக்கு வரும் நாளிலும் அப்படியே இருப்போம் என்று எதிர்பார்க்கிறேன். நீயும் மாப்பிள்ளை சந்திரசேகரும் வயிற்றிலிருக்கும் உயிரும் சுகமாக இருக்க வேண்டும். சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, இரண்டு நாள் விவாதத்துக்குப் பின், நம் வீட்டு வாசற்கதவில் ஓர் ஆணி அடிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அம்மா முன்மொழிந்தாள், நான் வழிமொழிந்தேன், எதிர்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை. முப்பது வருஷம் நெசவாளர் சங்கத்தில் தீர்மானம் எழுதிய கை என்பதால் முறைப்படி தெரிவிக்கிறேன்.

உங்கள் ஊரில் இலையுதிர் காலத்துக்கு வாசலில் மாட்டும் வளையத்தை அம்மாவும் செய்து பார்க்கட்டும், என் ஆபரேஷனையே நினைத்துக்கொண்டிராமல் கைக்கு ஒரு வேலை இருக்கும் என்று வீடியோ அனுப்பினாய் அல்லவா, செய்தோம். கட்டுக்கம்பியை இரண்டு சுற்று வளைத்து, பழைய சாக்கைக் கிழித்து அதன்மேல் சுற்றிக் கொடுத்தேன். அம்மா மக்காச்சோளத் தோகையை மடித்து மடித்துக் கட்டினாள், இடையிடையே வெடித்த பருத்திக்காய், ஆமணக்குக் காய், இரண்டு சோளக்கதிர். இங்கே இலையுதிர் காலம் கிடையாது, பள்ளிக்கூடத்து வாதாம் மரம் மட்டும் யாரையும் கேட்காமல் சிவந்து உதிர்கிறது, அதில் பதினைந்து இலை பொறுக்கி வந்தேன். வீடியோவில் உள்ளபடியே வந்திருந்தது. அப்புறம் அம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு, வெறுஞ்சருகக் கொண்டி வாசல்ல மாட்டுனா நல்லாவா இருக்குமுங்க, நாலு பூ வெக்கோணும் என்று சொல்லி, சுற்றிலும் வெள்ளைச் சாமந்தியை நெருக்கமாக வைத்துக் கட்டிவிட்டாள். மாட்டினோம். லட்சணமாக இருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது, எங்கே என்று அப்போது நினைவுக்கு வரவில்லை.

படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். அது உனக்கு வராமல், உன் கல்யாணம் பிடிக்காமல் அன்றைக்கே மாமா நவநீதகிருஷ்ணன் உன்னை நீக்கினாரே, அந்தச் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கிறது. என் எண்ணிலிருந்து, ஒரு வார்த்தையும் இல்லாமல், மலர் வளையம். என் இதயத்தில் அடைப்பு இருப்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். போனைச் சார்ஜில் போட்டு, மாத்திரை விழுங்கிவிட்டுப் படுத்தேன். பிறகு எண்ணிப் பார்த்ததில் இருபத்தேழு பேர் இரங்கல் தெரிவித்திருந்தார்கள். ராசிபுரம் சண்முகவேல் நான் தங்கமான மனிதன் என்று எழுதியிருந்தான், போன மாதம் வரை அவனுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது.

இரண்டு மணிக்கு எடப்பாடியிலிருந்து மாமா வந்துவிட்டார். ஆறு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவர், தறிகளை நிறுத்திவிட்டு, புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடியாக அக்காவுக்கு வெள்ளைச் சேலையும் எடுத்துக்கொண்டு வந்தார். முறை தவறாதவர். அக்கா, இப்பிடி உட்டுட்டுப் போய்ட்டாரே என்று கதறினார். அம்மா, தம்பி வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். யார் செத்தது என்று ஒருவரை ஒருவர் கேட்காமலே இருவரும் வெகுநேரம் அழுதிருக்கிறார்கள். சத்தம் கேட்டு நான் எழுந்து வந்தேன். இருக்கறீங்ளா மச்சான் என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் தெரிந்தது, உடனே துடைத்துக்கொண்டார்.

அம்மா காபி போடப் போனாள். இந்த ஊட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதானுங்க, எழவுன்னுதான் வந்தேன் என்று எழுந்துவிட்டார். நான் வாசல் கேட் வரை கூடப் போனேன். நவம்பர் பத்தொன்பதாம் தேதி கோயமுத்தூரில் ஆபரேஷன், அன்றைக்கு ஒருநாள் உங்கள் அக்காவோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்க முடியுமா, அவளுக்கு வேறு ஆள் இல்லை என்றேன். இதுவரை அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை. தறிக்கு ஆளு இல்லீங் மச்சான், ஒரு நா நிறுத்துனாலும் சிரமமுங்க என்றார். கார் கதவைச் சாத்தியபின் கண்ணாடியை இறக்கி, உடம்பப் பாத்துக்கோங்க என்றும் சொன்னார்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம், இந்தப் போனைத் தொடவே இப்போது யோசனையாக இருக்கிறது. வளையத்தை அம்மா கழற்றி எருக்குழியில் போட்டுவிட்டாள். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே, ஏழாம் மாதத்தில் விமானம் ஏறும் எண்ணமும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி என்றைக்கும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா
அர்த்தநாரி

பி.கு.: மாமா கோடிச் சேலையை நாற்காலியிலேயே விட்டுப் போய்விட்டார். எடுத்து வந்த கோடியைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லையாம். அம்மா அதைப் பீரோவில் மேல் தட்டில் வைத்திருக்கிறாள்.