கடலில் அலசிய பாக்குத்தோல்

செவ்வாய், இரவு

பாக்குத்தோலைக் காய்ச்சி எடுக்கும் ஃபர்ஃபுரால் எண்ணெய் இவ்வளவு கூடியது என் புது முறையாலா? எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

தோலை அலசித் தரும் லெட்சுமியிடம் இன்று தற்செயலாகக் கேட்டேன்: "குழாய்த் தண்ணியிலதானே அலசுறீங்க?"

"அரே மேடம், குழாய்ல பானி மூணு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. கடல்லதான் அலசுறேன். இந்தச் சக்கைய நீங்க திங்கவா போறீங்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் உப்பும் அந்த எண்ணெயைக் கூட்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அலுப்பாக இருக்கிறது.

புதன்

குழாய் நீரில் அலசிய தோலை அதே முறையில் காய்ச்சினேன். பாதிதான் வந்தது. கட்டுரைத் தலைப்பில் 'புதிய முறை'யை அடித்துவிட்டு 'கடல்நீர்' என்று எழுதினேன். நன்றியுரையில் சேர்க்க லெட்சுமியிடம் முழுப்பெயர் கேட்டேன்.

"எதுக்கு மேடம், போலீஸுக்கா?" என்றார்.